மலைமுடி மலர்களும் கோவை ஏடுகளும்

கோயம்புத்தூரில் வாழும் நமக்கு மலை என்பது அன்றாடக் காட்சி. மேற்கே வெள்ளியங்கிரி, வடக்கே நீலமலை, தெற்கே ஆனைமலை என மூன்று புறமும் மலைகள் நம் ஊரை வளைத்து நிற்கின்றன. மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் மேட்டுப்பாளையம் சாலையில் நின்று வடக்கே நோக்கினால், நீலமலையின் விளிம்பு கோடு கிழித்தாற்போல் தெளிவாகத் தெரியும். நாம் நிற்கும் இடம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,350 அடி. கண்ணெதிரே தெரியும் அம்மலையின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவோ 8,652 அடி. சில மணி நேரப் பயணத்தில் நாம் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்கே சென்றுவிடுகிறோம் எனல் மிகையன்று. கீழே சோளமும் பருத்தியும் விளையும் வெயில் பூமி. மேலே மார்கழி, தை மாதங்களில் புல்நுனியெல்லாம் உறைபனி படியும் குளிர் பூமி.

அக்குளிர் பூமியில் ஒரு சிறு செடி எவ்வாறு பூக்கிறது, எவ்வாறு விதை ஈன்று தன் குலத்தைக் காக்கிறது என்பதையும், அந்த உண்மையை மனிதன் எவ்வாறு படிப்படியாக அறிந்துகொண்டான் என்பதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இவ்வரலாற்றில் கோவை நகருக்கு நம்மில் பலர் அறியாத ஒரு பெரும் பங்கு உண்டு.

முதலில் உலகின் வடகோடிக்குச் செல்வோம். வடதுருவத்தை அடுத்த நிலப்பகுதிகளில் கோடைக்காலம் சில வாரங்களே நீடிக்கும். அந்தச் சில வாரங்களுக்குள் ஒரு செடி தளிர்த்து, மொட்டுவிட்டு, பூத்து, காய்த்து, விதையும் முதிர வேண்டும். முளைத்த ஆண்டிலேயே இத்தனையும் செய்து முடிப்பது அரிது. ஆதலால் அங்கே ஓராண்டு வாழ்ந்து மடியும் செடிகள் மிகக் குறைவு; பல்லாண்டு வாழும் செடிகளே மிகுதி. அவற்றுள் பல, அடுத்த கோடைக்கு வேண்டிய மொட்டுகளை முந்தைய கோடையின் இறுதியிலேயே உருவாக்கி, பனியின்கீழ் பொதிந்து வைத்துவிடுகின்றன. பனி உருகியவுடன் அவை காலம் கடத்தாமல் மலர்கின்றன.

வெப்பத்தைத் தேடும் வழியும் வியப்பிற்குரியது. வடதுருவத்து மஞ்சள் கசகசாச் செடியின் பூ ஒரு சிறு கிண்ணம் போன்றது. பகலெல்லாம் அது கதிரவனை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். கிண்ணத்தின் உட்புறம் வெளிக்காற்றைவிடச் சில பாகை வெதுவெதுப்பாக இருக்கும். குளிரில் விறைத்த சிறு பூச்சிகள் அங்கே வந்து உடலைக் காய்ச்சிக்கொள்கின்றன. போகும்போது மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. சூலும் அவ்வெப்பத்தால் விரைந்து முதிர்கிறது. பூச்சியே வாராத ஆண்டும் உண்டல்லவா? அதற்கும் சில செடிகள் வழி கண்டுள்ளன. வடதுருவத்திலும் நம் இமயத்திலும் வளரும் பிஸ்டார்ட்டா என்னும் செடி, பூங்கதிரின் கீழ்ப்பகுதியில் பூவுக்குப் பதிலாகச் சிறு கிழங்குமணிகளைத் தாங்கி நிற்கும். மகரந்தமும் வேண்டாம், விதையும் வேண்டாம்; அம்மணி மண்ணில் விழுந்தால் அதுவே ஒரு புதுச் செடியாகும்.

காத்திருக்கும் ஆற்றலுக்கு ஒரு சான்று கேளுங்கள். சைபீரியாவின் உறைமண்ணுக்குள் பழங்காலத்து அணிற்பொந்துகளில் புதைந்திருந்த சைலீன் என்னும் செடியின் காய்களை உருசிய அறிஞர்கள் கண்டெடுத்தனர். அவை ஏறத்தாழ 32,000 ஆண்டுப் பழமையுடையவை. அக்காயின் திசுவிலிருந்து அவர்கள் முழுச் செடியை வளர்த்தனர், அது பூத்தது, விதையும் ஈன்றது. 2012-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று.

வடதுருவத்துச் செய்திகளுக்கும் கொங்கு நாட்டிற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. நம் மலைமுடிகளில் நீண்ட பனிக்காலம் இல்லை. ஆனால் பனிக்கால இரவுகள் உண்டு. தை மாதத்தில் உதகை மேட்டுநிலத்தின் பள்ளங்களில் இரவில் நீர் உறையும் அளவுக்குக் குளிர்கிறது. அதே இடத்தில் நண்பகலில் வெயில் சுடுகிறது. ஒரே நாளுக்குள் இரு பருவங்கள் வந்து போகின்றன. ஆனி, ஆடி மாதங்களிலோ தென்மேற்குப் பருவக்காற்று நாள்கணக்கில் மழையும் மூடுபனியும் கொணர்ந்து, பூச்சிகளைப் பறக்கவிடாமல் செய்கிறது. பின்னர் வரும் வறட்சியில் காய்ந்த புல் தீப்பற்றுகிறது. உறைபனி, பெருங்காற்று, பெருமழை, தீ ஆகிய நான்கையும் தாங்கும் செடியே அங்கு நிலைக்க முடியும்.

ஆகவேதான் நம் மலைப் புல்வெளிகளில் இமயத்தின் உறவினரைக் காண்கிறோம். அனிமோன், ஜென்ஷியன், வயலட், சத்தீரியம் என்னும் நில ஆர்க்கிட் ஆகிய இவற்றின் இனங்கள் இமயத்திலும் உள்ளன, நீலமலையிலும் உள்ளன, இடையே உள்ள வெப்பச் சமவெளியில் இல்லை. காட்டுப்பூவரசு என்று நம் மக்கள் அழைக்கும் செம்மலர் மரமும் இமய மரத்தின் நெருங்கிய கிளையே. உலகமே குளிர்ந்திருந்த பனியூழிக் காலத்தில் இத்தகைய குளிர்விரும்பிச் செடிகள் தெற்கே பரவின என்றும், வெப்பம் திரும்பியபோது மலைமுடிகளில் மட்டும் ஒதுங்கி எஞ்சின என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இவை ஒவ்வொன்றும் இனப்பெருக்கத்திற்குத் தனித்தனி வழியைக் கைக்கொண்டுள்ளன. ஜென்ஷியன் பூ, வானம் மூடினால் தானும் மூடிக்கொண்டு மகரந்தம் மழையில் நனையாமல் காக்கும். வயலட் செடி திறந்த பூக்களோடு, என்றும் திறவாத பூக்களையும் ஈனும். அவை மூடிய மொட்டுக்குள்ளேயே தம் மகரந்தத்தால் தாமே சூலுற்று விதை தரும். சத்தீரியமும் நீலமலை அல்லியும் மண்ணுக்கடியில் கிழங்கைச் சேமித்து வைக்கின்றன. மேலே பனியும் தீயும் இலையை அழித்தாலும், மழை வந்ததும் மீண்டும் எழுகின்றன. ஆர்க்கிட்டின் விதையோ தூசு போன்றது. காற்றே அதன் ஊர்தி. காட்டுப்பூவரசின் செம்பூவில் தேன் உண்ண வரும் பறவைகளே அதன் மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன.

இவை எல்லாவற்றினும் வியத்தகு வழியைக் கண்டது நம் குறிஞ்சி. தமிழர் ஒரு நிலத்திற்கே பெயராகச் சூட்டிய பூ அது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் தொண்ணூற்றொன்பது பூக்களுள் அதுவும் ஒன்று. குறுந்தொகையில் ஒரு புலவர், கரிய தண்டுடைய குறிஞ்சியின் பூவைக் கொண்டு தேன் செய்யும் மலைநாட்டைக் குறிப்பிடுகிறார். தண்டின் நிறத்தையும் தேனையும் கண்ட அக்கண் கூர்மையானது. எனினும் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு அப்பாடலில் இல்லை. அக்கணக்கை மலைவாழ் மக்கள் அறிந்திருந்தனர். தம் வயதைக் குறிஞ்சி பூத்த தடவைகளால் அவர்கள் எண்ணி வந்ததாகச் சொல்லப்படுகிறது. அது ஏட்டில் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் கழிந்தன.

ஏட்டில் ஏறிய வரலாறு கோவையிலிருந்து தொடங்குகிறது. 1812-ஆம் ஆண்டில் கீஸ், மக்மகான் என்னும் இரு நில அளவையாளர் நீலமலைக்கு ஏறினர். 1819-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மேலே சென்றார். நீலமலை அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியே; 1868-ஆம் ஆண்டில்தான் அது தனியே பிரிந்தது. சல்லிவன் காலத்தை ஒட்டியே லெஷெனோ என்னும் பிரெஞ்சுத் தாவர அறிஞரும் அம்மலையில் செடிகளைச் சேகரித்தார். 1832-ஆம் ஆண்டில் நீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் குறிஞ்சிச் செடியை விவரித்து, குந்த் என்னும் தம் நாட்டு அறிஞரின் பெயரை அதற்குச் சூட்டினார். அதனால்தான் இன்றும் அறிவியல் நூல்களில் அது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என வழங்குகிறது. மலையையே தன் பெயரால் அழைக்கச் செய்த பூவுக்கு, அம்மலையை அறியாத ஒருவரின் பெயர் வாய்த்தது.

1842-ஆம் ஆண்டில் இராபர்ட் வைட் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர் கோவைக்கு வந்தார். அமெரிக்கப் பருத்தியை இங்கே பயிரிட்டுப் பார்ப்பது அவருக்கு அரசு இட்ட பணி. அவர் மனம் நாடியதோ செடிகளை. 1853-ஆம் ஆண்டு வரை இங்கிருந்து, தென்னாட்டுத் தாவரங்களைப் பற்றிய படநூல்களைத் தொடர்ந்து வெளியிட்டார். நீலமலைச் செடிகளுக்கென்றே ஒரு தனிநூலும் எழுதினார். நீலமலை அல்லிக்கு அறிவியற் பெயர் தந்தவர் அவரே. அவருடைய நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் இரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். ஒரு பூவின் சூல்பையைக் குறுக்கே வெட்டி, உள்ளிருக்கும் அறைகளைக்கூட அவர்கள் பிழையற வரைந்தனர். 1850-ஆம் ஆண்டில் நீலமலையில் குறிஞ்சி பூத்தபோது வைட் கோவையில்தான் இருந்தார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பணி நிறுவனங்களின் கைக்கு வந்தது. சென்னையில் இருந்த உலர்தாவரத் தொகுப்பு, அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை வேளாண்மைக் கல்லூரிக்கு மாற்றப்பட்டது. கோவை வனக்கல்லூரியில் பணியாற்றிய பிஷர் என்பவர், கோயம்புத்தூர் மாவட்டத்து ஆனைமலையின் தாவரங்களை ஆராய்ந்து 1921-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிக் கேம்பிள் தொடங்கிய பெருநூல் 1925-இல் அவர் மறைவால் நின்றபோது, அதனை முடித்துத் தந்தவரும் பிஷரே. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலமலை, பழனிமலை முடிகளின் தாவரங்களுக்கென மூன்று தொகுதிகள் கொண்ட நூலை 1915 முதல் 1920 வரை வெளியிட்டார். கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள், நாடு விடுதலை பெற்றபின் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தைச் சீரமைக்க அழைக்கப்பட்டார். அதன் தென்மண்டலக் கிளை 1955-ஆம் ஆண்டில் கோவையிலேயே அமைந்தது. லாலி ரோட்டில், வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில், பழைய உலர்தாவரத் தொகுப்பு இன்றும் அதன் பொறுப்பில் உள்ளது.

இத்தகைய ஏடுகளும் தொகுப்புகளும் எதற்கு? குறிஞ்சியைக் கொண்டே விடை சொல்லலாம். ஒருவர் தம் பணிக்காலத்தில் குறிஞ்சி பூப்பதை மூன்று முறை காணலாம். நான்காம் முறை காண்பவர் சிலரே. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு உண்மையா, தற்செயலா என்பதை ஒருவர் தனியாக நிலைநாட்ட இயலாது. முன்னோர் எழுதி வைத்த குறிப்பு வேண்டும். 1934-ஆம் ஆண்டுப் பூப்பைக் கண்ட ராபின்சன் என்பவர், மறு ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் அதைப் பற்றி எழுதினார். அத்தகைய குறிப்புகளை அடுக்கிப் பார்த்தால் 1838, 1850, 1862, 1874, 1886, 1898, 1910, 1922, 1934 என வரிசை பிறழாமல் நிற்கிறது. அதன்பின் 1946, 1958, 1970, 1982, 1994, 2006, 2018 என அது நம் காலம் வரை தொடர்ந்துள்ளது.

இக்காத்திருப்பின் பொருள் யாது? குறிஞ்சி ஒரே ஒருமுறை பூக்கும் செடி. பதினோராண்டு இலையும் தண்டுமாக வளர்ந்து, பன்னிரண்டாம் ஆண்டில் ஆவணி, புரட்டாசி மாதங்களில் மலைச்சரிவெங்கும் ஒருங்கே பூத்து, விதை ஈன்றபின் மடிந்துவிடும். மலையில் பூச்சிகள் பறக்கும் தெளிந்த நாள்கள் குறைவு. சிதறிப் பூக்கும் ஒரு தனிச்செடியைத் தேனீ நாடிவருவது ஐயம். சரிவு முழுவதும் நீலமாக விரிந்தால் மலைத்தேனீக்கள் கூட்டம் கூட்டமாக வரும். விதையைத் தின்னும் எறும்பும் பூச்சியும் பறவையும் ஆண்டுதோறும் உண்டு. ஆண்டுதோறும் சிறிது விதை இட்டால் அத்தனையும் அவற்றுக்கு இரையாகும். பதினோராண்டு பட்டினியிட்டுப் பன்னிரண்டாம் ஆண்டில் அளவிறந்து கொட்டினால், தின்றவை போக மிச்சம் முளைக்கும். 1976-ஆம் ஆண்டில் ஜான்சன் என்னும் அமெரிக்க அறிஞர் மூங்கிலின் நெடுங்காலப் பூப்பிற்கு இவ்விளக்கத்தை விரிவாக எழுதினார். குறிஞ்சிக்கும் அது பொருந்துவதாக அறிஞர் கருதுகின்றனர்.

விதை பரவும் முறையை நீங்கள் உங்கள் ஊரிலேயே காணலாம். வேலியோரத்தில் வளரும் பட்டாசுக்காயை நீரில் இட்டால் அது படீரென வெடிப்பதைச் சிறுவயதில் விளையாடிப் பார்த்திருப்பீர்கள். அச்செடியும் கனகாம்பரமும் குறிஞ்சியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குறிஞ்சி நெற்றினுள்ளும் விதையைத் தாங்கும் சிறு கொக்கிகள் உண்டு. நெற்று பிளக்கும்போது அவை விதையை உந்தி எறிகின்றன. ஆயினும் அவ்விதை நெடுந்தொலைவு செல்வதில்லை. தாய்ச்செடி நின்ற சரிவிலேயே சேய் முளைக்கிறது.

இதில்தான் ஆபத்தும் அடங்கியுள்ளது. ஒரு சரிவில் குறிஞ்சி பூத்து முடிந்தபின் மூத்த செடி எதுவும் மிஞ்சுவதில்லை. இளநாற்றுகளே அக்குலத்தின் முழுச் செல்வம். அச்சரிவு உழப்பட்டாலோ, வேற்று மரங்கள் நடப்பட்டாலோ, பன்னிரண்டு ஆண்டு உழைப்பு மட்டுமன்றி அவ்விடத்துக் குலமே அற்றுப்போகும்.

அவ்வாறு நேர்ந்தும் உள்ளது. ஆங்கிலேய ஆட்சியினர் மலைப் புல்வெளிகளைப் பாழ்நிலம் என்றே கருதினர். மரமில்லாத நிலம் மனிதன் காட்டை அழித்ததால் வந்தது, அங்கே மரம் நடுவதே நற்செயல் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆஸ்திரேலியச் சீகை மரமும், பின்னர்த் தைல மரமும் நீலமலைக்கு வந்தன. விடுதலைக்குப் பின்னரும் அவற்றின் தோட்டங்கள் பெருகின. தேயிலையும் பரவியது. புல்வெளி சுருங்கியது.

அந்தக் கருத்தைத் திருத்தியதும் ஒரு வகையான ஏடுதான். ஆனால் அது தாளால் ஆனதன்று. நீலமலையின் சதுப்புப் பள்ளங்களில் பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிய தழை அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. வெப்பநாட்டுப் புற்களும் மரங்களும் கரியின் இருவகை அணுக்களை வெவ்வேறு விகிதத்தில் ஏற்பவை. ஆகவே ஓர் அடுக்கில் உள்ள விகிதத்தைக் கண்டால், அக்காலத்தில் புல் மிகுந்திருந்ததா, மரம் மிகுந்திருந்ததா என அறியலாம். இராமன் சுகுமாரும் அவருடன் பணியாற்றியோரும் இம்முறையால் கண்ட முடிவுகளை 1993-ஆம் ஆண்டில் நேச்சர் என்னும் இதழில் வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டு வரலாறு அதில் தெரிந்தது. பனியூழியின் கடுங்குளிர்க் காலத்திலேயே அங்குப் புல்வெளி இருந்தது. வறட்சி மிகுந்தபோது புல் பரந்தது. மழை மிகுந்தபோது சோலை பரந்தது. ஆகவே புல்வெளி பாழ்நிலமன்று. சோலையைப் போலவே தொன்மையானது. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல் என்னும் அமைப்பில் உறைபனிக்கும் பங்குண்டு. புல்வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றைப் பனி கருக்கிவிடுகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே கூறுவது தவறாகாது. 2006-ஆம் ஆண்டில் ஒரு மலைச்சரிவில் குறிஞ்சி பூத்திருப்பதைக் கண்டேன். இடுப்பளவுச் செடிகள் தோளோடு தோள் நெருங்கி நின்றன. தேனீக்களின் ஒலி அருவியோசை போல் கேட்டது. 2018-ஆம் ஆண்டில் அதே இடத்தைத் தேடிச் சென்றேன். பாறையையும் ஓடையையும் அடையாளம் கண்டேன். சரிவை மட்டும் கண்டுகொள்ள இயலவில்லை. சீகை மரங்கள் அதை முற்றிலும் மூடியிருந்தன. யாரும் நட்டதாகத் தெரியவில்லை. அருகிலிருந்த தோட்டத்திலிருந்து விதை பரவி, தானே முளைத்துப் பெருகியவை அவை. மரநிழலின் கீழ் நெடுநேரம் தேடினேன். ஒரு குறிஞ்சிச் செடியும் இல்லை. எதிர்ப்புறச் சரிவிலோ அது நீலமாகப் பூத்திருந்தது. இடையே இருந்தது ஒரு சிறு ஓடைதான். ஆயினும் அக்கரையிலிருந்து விதை இக்கரைக்கு வருவதற்கும், வந்தது நிழலில் பிழைப்பதற்கும் வழியில்லை.

எனினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 1989-ஆம் ஆண்டில் ஆர்வலர் சிலர் குறிஞ்சியைக் காக்க வேண்டிக் கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை நடந்தே சென்றனர். 2006-ஆம் ஆண்டில் கேரள அரசு இடுக்கி மாவட்டத்தில் குறிஞ்சிமலைக் காப்பிடத்தை அறிவித்தது. இந்திய அஞ்சல்துறை குறிஞ்சிக்கு அஞ்சல்தலை வெளியிட்டதும் அவ்வாண்டில்தான். 2022-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காக்கப்பட வேண்டிய தாவரங்களின் அட்டவணையில் அதனைச் சேர்த்தது. அதைப் பறிப்பதும் வேரோடு பிடுங்குவதும் இன்று குற்றம்.

மாணவ நண்பர்களே, கணக்குத் தவறாவிட்டால் குறிஞ்சி அடுத்து 2030-ஆம் ஆண்டில் பூக்கும். அதற்குமுன் ஒருநாள் லாலி ரோட்டிலுள்ள தொகுப்பைச் சென்று காணுங்கள். பழுப்பேறிய தாளில் ஒட்டிய செடியும், அதன் ஓரத்தில் சேகரித்தவர் பெயரும், இடமும், நாளும் இருக்கும். பின்னர் மலைக்குச் செல்லுங்கள். பூவைப் பறிக்க வேண்டாம். எந்தச் சரிவில், எந்த நாளில், எவ்வளவு பரப்பில் பூத்தது, எந்தச் சரிவில் பூக்கவில்லை என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, நாளிட்டு, கையொப்பமிட்டு வையுங்கள். 2042-ஆம் ஆண்டில் அதே சரிவுக்கு வரும் ஒருவருக்கு அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.